காணும் பொங்கல் பிரியாணியும் ஒரு வூவ்ரே பாட்டிலும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "வைன் நம்ம சாப்பாட்டுக்கு செட் ஆகுமா?" பதிலுக்கு முன்னாடி ஒரு சின்ன வாக்குமூலம். என் சொந்த ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போற ரோட்டில், ஆரணிப் பக்கம். வீட்டில் தறி ஓடின காலத்தில், தாத்தா வாங்கிட்டு வர்ற கூலியில் பாதி சாராயத்துக்குப் போயிடும். அதனால அம்மாவுக்கு பாட்டில்னாலே ஆகாது. அந்த வீட்டுக்குத்தான் போன பொங்கலுக்கு ரெண்டு பாட்டில் பிரெஞ்சு வெள்ளை வைனோட போய் இறங்கினேன்.

வைன் பேர் வூவ்ரே. பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில், தூர் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிற ஒரு ஊர். ஊர் பேர்தான் வைனுக்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு இல்லையா, அந்த மாதிரி ஒரு அங்கீகாரத்தை வூவ்ரேக்கு 1936-லயே கொடுத்துட்டாங்க. திராட்சை ஷெனின் பிளாங். நாசிக்ல சூலா கம்பெனி 2000-ல் இறக்கின முதல் வைன்களில் ஒண்ணும் இதே திராட்சைதான், அதனால பெயர் உங்களுக்குப் புதுசா இருக்காது.

லேபிள்ல ஒரு சொல்லை மட்டும் பாருங்க. 'செக்'னா இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. 'தெமி-செக்'னா லேசான இனிப்பு. 'முவல்லோ'னா நல்ல இனிப்பு. மூணுக்கும் அடியில் கூர்மையான புளிப்பு இருக்கும். அந்த ஊர்க்காரங்க இதை ஆட்டுப்பால் சீஸோடயும், சொந்தக் கொழுப்பிலேயே மெதுவா வெந்த பன்றிக்கறி 'ரியெத்'தோடயும் சாப்பிடுவாங்க. கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும். வறுத்த மீன் மேல நாம எலுமிச்சை பிழியறோமே, அதே கணக்கு.

நம்ம சாப்பாட்டில் கொழுப்போட காரமும் புளியும் சேருது. சிக்கலே அங்கதான். காரம் ஒரு சுவை இல்லை, எரிச்சல். ஆல்கஹால் அந்த எரிச்சலைத் தூக்கிவிடும். சிவப்பு வைனோட துவர்ப்பு அதை இன்னும் முரட்டுத்தனமாக்கும். கொஞ்சம் இனிப்பு இருந்தா அடங்கும். புளி வேற மாதிரி: புளிக்குழம்பு பட்ட நாக்குக்கு சாதாரண வைன் சப்புன்னு இருக்கும், வைன்லயே புளிப்பு பலமா இருந்தாத்தான் தாங்கும்.

முதல்ல செக் பாட்டிலைத் திறந்தேன், மீன்குழம்போட. தோல்வி. தொண்டை வரைக்கும் நெருப்பு. (வாழைப்பூ வடையோட அதே பாட்டில் அருமையா போச்சு, அதையும் சொல்லணும்.) காணும் பொங்கல் மதியம் சீரக சம்பா மட்டன் பிரியாணி, கூட எண்ணெய் மிதக்கிற கத்திரிக்காய். தெமி-செக் பாட்டில் காலையிலிருந்தே ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. நானும் சித்தப்பாவும் எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக்கிட்டோம். கத்திரிக்காயோட புளிக்கு வைனோட புளிப்பு ஈடு கொடுத்தது, இனிப்பு காரத்தைப் பிடிச்சுது, ஆட்டுக் கொழுப்பு வாயில் தங்கவே இல்லை. தயிர்ப் பச்சடி பார்க்கிற வேலையை வைன் பார்த்தது. பச்சடி அப்படியே மிச்சம்.

சித்தப்பா ஒரு டம்ளரோட நிறுத்திட்டார். "இதுக்கு எதுக்குடா குடிக்கணும், சாப்பாடு தானே ஜாஸ்தி இறங்குது?"ன்னார். நம்ம ஊர்ல குடிக்குத்தான் சைட் டிஷ், மிக்சரும் வேர்க்கடலையும். வூவ்ரேல வைன்தான் சைட் டிஷ். அவருக்கு அது ஒரு வாயில புரிஞ்சுபோச்சு.

அம்மா அதுவரைக்கும் சமையலறையை விட்டு வரலை. இலை எடுக்க வந்தவங்க என் டம்ளரைத் தூக்கி மோந்து பார்த்தாங்க.

"பழுத்த கொய்யா வாசனை அடிக்குது. உங்க தாத்தா மேல இப்படி அடிச்சதே இல்லை"ன்னாங்க. குடிக்கலை. டம்ளரை மட்டும் தனியா கழுவி, தனியா கவிழ்த்து வச்சாங்க.