ஓய்வு மாளிகையும் பொதுப் பணமும்

தெற்கு அந்தமானிலுள்ள ஹாரியட் மலை, ஆங்கிலேயர் ஆட்சியில் தலைமை ஆணையரின் கோடைக்கால உறைவிடமாக விளங்கியது. 2021-இல் அதற்கு மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்பட்டது. அந்த மாளிகைக்கு ஆகும் செலவைப் பற்றிக் கேட்கும் உரிமை அன்றையத் தீவுவாசிக்கு இல்லை.

குடியரசில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 59-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் தம் அலுவல்சார் உறைவிடங்களை வாடகையின்றிப் பயன்படுத்தலாம். தில்லி மாளிகையுடன் ஹைதராபாத்தை அடுத்த பொல்லாரத்திலும், சிம்லா அருகே மஷோப்ராவிலும் அவருக்கு இல்லங்கள் உள்ளன. அவர் பதவி தொடர்பான செலவு, 112-ஆம் பிரிவின்படி இந்தியத் தொகுநிதியின் மீது சார்த்தப்பட்டதாகும். அதாவது, நாடாளுமன்றம் அதை விவாதிக்கலாம். அதன்மீது வாக்கெடுப்பு கிடையாது. உயர் பதவி கட்சிப் பூசலுக்கு ஆளாகாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே விவாதமும் தணிக்கையுமே இங்கு மக்களின் காவல்.

ஓய்விலும் கோப்புகள் தொடர்ந்து வரும்; பாதுகாப்பும் தேவைப்படும். எனவே அலுவலையும் சொந்த வாழ்வையும் முற்றிலும் பிரித்தல் எளிதன்று. எனினும் விருந்தினர் எதற்காக வந்தார், பதவி இல்லையேல் அச்செலவை யார் ஏற்றிருப்பார் என்னும் இரு கேள்விகள் எல்லையைத் தெளிவாக்கும்.

பிரிட்டனில் ஆர்தர் லீ நன்கொடையாக அளித்த செக்கர்ஸ் மாளிகைக்கென 1917-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1921 முதல் பிரதமர்கள் அதைப் பயன்படுத்தி வருகின்றனர். அரசு மானியம் அளித்தாலும், நிர்வாகம் அறக்கட்டளையிடமே உள்ளது. ஆதலால் எப்பிரதமரும் அதற்கு உரிமையாளராகிவிட இயலாது.

இக்கருத்தை நம் உச்ச நீதிமன்றமும் 2018-இல் வலியுறுத்தியது. முன்னாள் முதலமைச்சர்கள் அரசு இல்லங்களில் ஆயுள் முழுவதும் தங்க இடமளித்த உத்தரப் பிரதேசச் சட்டப் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இல்லம் பதவிக்கு உரியது. பதவி வகிப்பவருக்கு உரியதன்று. 2023-இல் பொல்லாரம், மஷோப்ரா இல்லங்கள் ஆண்டு முழுவதும் மக்கள் பார்வையிடத் திறந்துவிடப்பட்டமை இதற்கு இசைந்த செயலே.

ரங்கத் பகுதியிலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய லாங் ஐலண்டில் வாழ்பவர் இம்மாளிகைகளைக் காணாமலே இருக்கலாம். ஆயினும் அவர் செலுத்தும் வரியும் அவற்றைப் பராமரிக்கிறது. அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஓர் உறுப்பினரே உண்டு. அந்த ஒருவர் எழுப்பும் வினாவுக்கும் தெளிவான கணக்கு கிடைக்குமாயின், தலைவரின் ஓய்வு எவருக்கும் உறுத்தலாக இராது.