வீட்டு மின்சுற்றும் உருகியும்

கச்சான் காற்று ஓய்ந்து வாடைக்காற்றுத் தொடங்கும் பருவத்திலே, பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை முதலிய கரையோர ஊர்களில் ஒரு முறைப்பாடு எழுவதுண்டு. முதல் மழை பெய்த இரவில் வீட்டு விளக்குகள் திடீரென அணைந்துவிடும். அயல் வீட்டில் வெளிச்சம் இருக்கும். நம் வீட்டில் மட்டும் இருள். வீட்டுத் தலைவர் கைவிளக்கை ஏந்திச் சுவரிலுள்ள பெட்டியைத் திறப்பார். அவ்வேளையில் அவர் செய்வது யாது என்பதிலேயே அவ்வீட்டாரின் உயிர் தங்கியுள்ளது என்று கூறினால் அது மிகையாகாது.

யான் மின்பொறியியல் கற்றவனல்லன், கலைப்பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்துப் பின்னர் பாடசாலை ஒன்றின் அதிபர் பொறுப்பை ஏற்றவன். எனினும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கூடியிருக்கும் கட்டடத்திற்குப் பொறுப்பாயிருப்பவன், அதன் கூரைக்குள் ஓடும் கம்பியைப் பற்றி அறியாதிருத்தல் தகாது. அவ்வாறு அறிந்தவற்றையே இங்குக் கூறப்புகுகின்றேன்.

மின்னோட்டம் ஒரு கம்பியினூடே செல்லும்போது அக்கம்பி சூடேறுகின்றது. ஓட்டம் இரு மடங்கானால் சூடு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. மும்மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. ஆகவே, ஒரு கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஓட்டம் சிறிது மிகுந்தாலும் தீங்கு பெரிதாகும். கம்பியைப் போர்த்திய உறை இளகும், கருகும், ஈற்றில் தீப்பற்றும். இத்தீங்கைத் தடுப்பதற்காகச் சுற்றின் தொடக்கத்திலே, வேண்டுமென்றே, மற்றெல்லாக் கம்பியிலும் நலிந்த ஒரு சிறு கம்பியை வைக்கின்றனர். ஓட்டம் மிகுந்ததும் முதலில் உருகி அறுவது அதுவே. அதுவே உருகி, மக்கள் வழக்கிலே பியூஸ். தான் அழிந்து வீட்டைக் காக்கும் காவலன் அது.

அமெரிக்கரான தோமஸ் அல்வா எடிசன் தமது மின் வழங்கல் முறையின் ஓர் உறுப்பாக உருகிக்கு 1890 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இலங்கையிலே கொழும்பு நகரில் மின் வழங்கல் தொடங்கியது 1895 இல். பொறியியலாளர் விமலசுரேந்திரா நெடுங்காலம் வலியுறுத்திய லக்சபானா நீர்மின் திட்டம் 1950 இல் நிறைவேறியது. நாட்டு மின்சாரத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர 1969 இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. எங்கள் மாவட்டத்தின் சிற்றூர்கள் பலவற்றிற்கு, சிறப்பாக வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களுக்கு, மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. புதிதாய் வந்த பொருளைப் பயன்படுத்தக் கற்றோம். அதன் அபாயத்தை அறியக் கற்றோமா என்பதே வினா.

இனிச் சிறு கணக்கு ஒன்று. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 உவோற்று. ஒரு கருவியின் மீது எழுதப்பட்ட உவாற்று அளவை இதனால் வகுத்தால் அஃது இழுக்கும் ஓட்டம் அம்பியரிற் கிடைக்கும். 1000 உவாற்று மின்னழுத்தி ஏறக்குறைய 4.3 அம்பியர் இழுக்கும்; 2000 உவாற்று நீர்க்கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும். இக்காலத்து 9 உவாற்று எல்இடி மின்குமிழ் ஓர் அம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கூட இழுப்பதில்லை. இதிலிருந்து, விளக்குச் சுற்றிற் கேத்தலைத் தொடுப்பது எத்தகைய தவறென்பது விளங்கும்.

அத்தவற்றைச் செய்தவர்களுள் யானும் ஒருவன். ஆசிரியப் பணியிற் புகுந்த முதல் ஆண்டுகளில், ஒரு கிராமப் பாடசாலையில் வாணி விழா நடைபெற்றது. மண்டபத்தில் 100 உவாற்றுக் குமிழ்கள் பத்து எரிந்தன. விருந்தினருக்குத் தேநீர் வேண்டுமென்று அதே சுற்றிலே 2000 உவாற்றுக் கேத்தலொன்றைத் தொடுத்தோம். மொத்தம் 13 அம்பியர். உருகியோ 5 அம்பியருக்கு உரியது. சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது. புதுக் கம்பி இட்டேன், மீண்டும் அணைந்தது. பிள்ளைகள் மேடையிலே இருளில் நின்றனர். பெற்றோர் முன்னே நாணமுற்ற யான், வயர்த் துண்டொன்றை உரித்து, அதிலிருந்த செப்பு இழைகள் அனைத்தையும் சேர்த்து முறுக்கி உருகிக்குள் வைத்தேன். விளக்கு எரிந்தது. சபையோர் கைதட்டினர்.

அரைமணி கழிந்தது. மண்டபத்திலே மீன் நாற்றம் போன்றதொரு மணம் பரவியது. கடற்கரை ஊரன்றோ! எவரும் பொருட்படுத்தவில்லை. பின்வரிசையிலிருந்த ஒருவர் மட்டும் எழுந்து ஓடிவந்து தலைமை ஆளியைத் தாழ்த்தினார். அவர் மாணவன் ஒருவனின் தந்தை, கரைவலைத் தொழிலாளி. ஏணி வைத்து நோக்கியபோது, கூரையடியிலிருந்த இணைப்புப் பெட்டி கருகி உருகியிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே காய்ந்த கிடுகு. கீழே எண்பது பிள்ளைகள். யான் முறுக்கி வைத்த செம்பைக் கையிலெடுத்துப் பார்த்த அப்பெரியார் கூறியதை அவர் சொல்லிலேயே சொல்கின்றேன்: “மாஸ்டர், வலை பார்ல கொளுவிற்று எண்டா கயித்த வெட்டி விட்டிரணும். வெட்டாட்டித் தோணி தாண்டிரும்.” உருகியின் தத்துவத்தை இதனினுஞ் சுருக்கமாக எந்நூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. அயலிலே வெப்பம் மிஞ்சிய மின் இணைப்புகளின் பிளாத்திக்குப் பாகங்கள் மீன் மணம் வீசுவதுண்டென்பதைப் பின்னரே அறிந்தேன். மீன் சமைக்காத வீட்டில் மீன் மணந்தால், நேயர்களே, முதலில் ஆளியை நாடுங்கள்.

இனி, உருகி காப்பது வீட்டையேயன்றி மனிதனையன்று என்பதையும் அறிதல் வேண்டும். உடலினூடே 30 மில்லியம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. 5 அம்பியர் என்பதோ 5000 மில்லியம்பியர். ஒருவன் மின்தாக்குண்டு துடிக்கும்போதும் உருகி உருகாது நிற்கும். இக்குறையை நிறைவு செய்வதே ட்ரிப் சுவிட்ச் என வழங்கும் கருவி. வீட்டினுட் சென்ற ஓட்டமும் திரும்பி வந்த ஓட்டமும் சமமா என அஃது இடையறாது ஒப்புநோக்குகின்றது. வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டினால், எங்கோ மண்ணுக்கு மின் கசிகின்றதெனக் கொண்டு இமைப்பொழுதிற் சுற்றைத் துண்டிக்கின்றது. அதனருகே வரிசையாயுள்ள சிறு சுற்றுடைப்பான்கள் பழைய உருகியின் இடத்தைப் பெற்றவை. மிகைச் சுமைக்கும் குறுஞ்சுற்றுக்கும் அவை விழும்.

விளக்கு அணைந்தால் ஒழுங்குமுறையாக ஆராயவேண்டும். முதலில் அயல் வீட்டை நோக்குக. அங்கும் இருளெனின் குறை நம்முடையதன்று. நம் வீட்டில் மட்டும் இருளெனின் எக்கருவி விழுந்துள்ளது எனப் பார்க்க. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால், சுற்றுடைப்பான்கள் அனைத்தையும் தாழ்த்தி, செருகிகள் யாவற்றையும் கழற்றி, ட்ரிப் சுவிட்சை உயர்த்துக. நின்றால், சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாக உயர்த்துக. எதை உயர்த்தும்போது மீண்டும் விழுகின்றதோ, அச்சுற்றிலேயே பழுதுண்டு. எதுவும் விழாவிடின், கருவிகளை ஒவ்வொன்றாகத் தொடுத்துப் பார்க்க, குற்றவாளி அகப்படுவான். யாவற்றையும் தாழ்த்திய பின்னும் ட்ரிப் சுவிட்ச் நில்லாவிடின், அது தகுதிபெற்ற மின்னியலாளர்க்குரிய வேலை.

பழைய வகை உருகியாயின், தலைமை ஆளியைத் தாழ்த்திய பின்னரே அதனைக் கழற்றுக. கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் பெரும்பாலும் மிகைச் சுமை. பீங்கான் கருகி, உலோகத் துளிகள் சிதறியிருந்தால் குறுஞ்சுற்று. காரணத்தை நீக்காது கம்பி இடற்க. 5 அம்பியருக்கு 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்கு 0.5 மில்லிமீற்றர், 30 அம்பியருக்கு 0.85 மில்லிமீற்றர் என விட்டம் வரையறுக்கப்பட்ட வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியே ஏற்றது. ஆணி, சிகரெட் பெட்டித் தாள், முறுக்கிய வயர் ஆகியன ஒருபோதும் ஆகா. சதுர முள் செருகியினுள் இருக்கும் உருகிக்கும் இவ்விதி பொருந்தும்: 700 உவாற்றுக்கு உட்பட்ட கருவிகளுக்குப் பொதுவாக 3 அம்பியர், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 13 அம்பியர்.

ஒரே விளக்கு எரியாவிடின் குமிழை மாற்றிப் பார்க்க. மின்னி மின்னி எரிந்தால் இணைப்புத் தளர்ந்துள்ளதெனக் கொள்க. மும்முனை மின்சாரம் உள்ள வீட்டிற் சில விளக்குகள் மங்க, வேறு சில வழமைக்கு மீறி ஒளிர்ந்தால், நடுநிலைக் கம்பி அறுந்திருக்கலாம். அக்கணமே தலைமை ஆளியைத் தாழ்த்தாவிடின் கருவிகள் எரிந்துபோகும்.

இனி, முதலிற் கூறிய மழை இரவுக்கு வருவோம். கச்சான் மாதங்களில் மழை அரிது. அலைத்திவலையிலிருந்து எழும் உப்பு, வெளிவிளக்குகளிலும் குதைகளிலும் கம்பி முனைகளிலும் படிந்துகொண்டேயிருக்கின்றது. காய்ந்த உப்பு வாளாவிருக்கும். ஈரம் பட்டதும் மின்னைக் கடத்தும். ஆகவேதான் முதல் மழையில் ட்ரிப் சுவிட்ச் விழுகின்றது. அது கருவியின் குற்றமன்று, அதன் கடமை. அது விழாதபடி கட்டி வைப்போரும், அதனை விலக்கிக் கம்பியை நேரே இணைப்போரும் உளர். காவல்நாய் குரைக்கின்றதென்று அதனைக் கொன்றுவிட்டுத் துயில்வார்க்கு அவர் ஒப்பாவர். மழைக்கு முன்னரே, மின்னியலாளரைக் கொண்டு வெளிவிளக்குகளைத் திறந்து துடைப்பித்து, பச்சை பூத்த செப்பு முனைகளை வெட்டிப் புதுப்பித்து, புவித்தொடுப்பைச் சோதிப்பித்தல் கரையோரத்தார் கடன். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானைக் காலந்தோறும் அழுத்திப் பார்த்தலோ எவரும் செய்யக்கூடியது. அழுத்தியதும் அது விழவேண்டும். விழாவிடின் மாற்றவேண்டும்.

எமது பாடசாலையில் இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தலைமை ஆளி எங்குள்ளதென்பதை அறிவர். வாணி விழாவுக்கு முன்னாள் அன்றைய மின்சுமையைக் கூட்டிக் கணக்கிடுவதும் அவர்களே. தேநீர் விறகடுப்பில் ஆகின்றது. விளக்கு அணைந்தால் இருளில் அமைதியாக அமர்ந்திருக்குமாறு அவர்களுக்குச் சொல்லியிருக்கின்றேன். சிறிது நேர இருளினால் எவர்க்கும் கேடில்லை.