ஒரே ஊரில் பல சபைகள்

தமிழகத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுள் திருநெல்வேலியார் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் சபையினராகவும், மதுரையார் அமெரிக்க மிஷன் வழியினராகவும், நாகர்கோயிலார் லண்டன் மிஷனைச் சார்ந்தவராகவும், தரங்கம்பாடியார் லுத்தரன்களாகவும் இருந்தது ஏன்? சமய நூல்களை ஆராய்ந்து அவரவர் தெரிந்துகொண்ட வேறுபாடு அன்று இது. ஒரு மிஷன் பணிபுரியும் எல்லைக்குள் மற்றொன்று புகுவதில்லை என்று அச்சங்கங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவே பெரும்பாலும். பிறந்த ஊரே சபையைத் தீர்மானித்தது!

ஊரிலிருந்தவரை இதனால் இடையூறு இல்லை. பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்த பின்னரே இடர் தோன்றிற்று. வார நாட்களில் ஒரே ஆலையில் வேலை செய்த நம்மவர், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வெவ்வேறு வாயில்களில் நுழைந்தனர்.

இதனை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பணிபுரிந்தவர். நம்மைப் போலவே வெளியூர்த் தமிழர் எனலாம். தரங்கம்பாடியில் 1919ஆம் ஆண்டு மே மாதம் கூடிய குருமார், பெரும்பாலும் இந்தியர், இப்பிரிவினைகள் வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விடுத்தனர். அக்கூட்டத்தில் அசரியா முன்னின்றார். அவர் 1945இல் காலமானார்; 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அந்த இணைப்பு நிலைத்தமைக்குக் காரணம், நம் கருத்தில், அது எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்க முயலாமையே. எந்தச் சபையாரின் வழிபாட்டு முறையும் வலிந்து மாற்றப்படாது. விரும்பாத குருவை எவர்மீதும் திணிப்பதில்லை என்று வாக்களிக்கப்பட்டது. குருத்துவம் பற்றிய சிக்கல் சீர்ப்படவோ முப்பது ஆண்டுகள் ஒதுக்கப்பட்டன. அவசரம் காட்டாத ஒற்றுமை! வடக்கே 1970 நவம்பர் 29ஆம் நாள் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. லுத்தரன் சபையார் தனித்தே இருக்கின்றனர்.

கத்தோலிக்கரோடு நெருங்குவதற்கோ, சொற்களே சுவராக நின்றன. அவர்கள் சர்வேசுரன் என்றனர்; மற்றவர் முன்பு பராபரன் என்றும் பின்னர் தேவன் என்றும் வழங்கினர். இரு சாராரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபோது, ‘கடவுள்’ என்ற எளிய சொல் இருவர்க்கும் பொதுவாயிற்று. ஆயினும் பழைய மொழிபெயர்ப்பில் ஊறிய செவிகள் அதனை எளிதில் விடுவதில்லை. அதில் குறை காண வேண்டியதுமில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவற்றினும் அவசரமானது ஒன்று உண்டு. ஆலயக் கட்டடத்தை நேரம் பகிர்ந்து பயன்படுத்துவதில் பல ஊர்களில் தகராறு இல்லை. கல்லறைத் தோட்டமோ பெரும்பாலும் ஒரு சபையின் பொறுப்பில் இருக்கும். பிற சபைத் தமிழரை அங்கு அடக்கம் செய்ய யாருடைய இசைவு தேவை, கட்டணம் எவ்வளவு, ஊரில் தமிழ்க் குரு இல்லாத நாளில் சடங்கை நடத்துபவர் யார் என்பனவற்றைச் சபை மூப்பர்கள் கூடிப் பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். துக்க வீட்டார் பிரேதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக அலைய நேராது.