கப்பலுக்கு எந்த செக்போஸ்ட்?

நெய்வேலியில கரிக்குக் கப்பல் தேவையில்ல, பழுப்பு நிலக்கரி நம்ம காலுக்குக் கீழேயே இருக்கு. ஆனா இதே என்எல்சி, மின்வாரியத்தோட சேர்ந்து தூத்துக்குடியில நடத்துற 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு, ஒடிசா நிலக்கரி பாராதீப்புல இருந்து கப்பல்லதான் வருது.

உலகத்துல கட்டுற கப்பல்கள்ல 90 சதவீதத்துக்கு மேல சீனா, தென்கொரியா, ஜப்பான்தான். இந்தியா 1 சதவீதம்கூட இல்ல. அந்த மூணு நாட்டு வளர்ச்சியிலயும் அரசுப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தட்டிக்கேட்க விதி இல்லையா?

இருக்கு. 1995-ல வந்த உலக வர்த்தக அமைப்போட மானிய ஒப்பந்தம். ஏற்றுமதி பண்ணினாத்தான் மானியம், உள்நாட்டுப் பொருள் வாங்கினாத்தான் மானியம்னு சொல்றது ரெண்டுக்குமே தடை. மத்த மானியத்தால அடிபடுற நாடு, அந்தப் பொருள் இறக்குமதியாகும்போது ஈட்டு வரி போடலாம்.

சிக்கல் இங்கதான். கொரியாவுல கட்டின கப்பலை ஒரு கிரேக்க முதலாளி வாங்கறார். பனாமா கொடி கட்டறார். பிரேசில் இரும்புத்தாதுவை சீனாவுக்கு ஏத்திட்டுப் போறார். கப்பல் எந்த நாட்டுல ‘இறக்குமதி’ ஆச்சு? வரியை எந்த சுங்கச்சாவடியில வாங்குவீங்க? ஃபங்ஷன் எழுதியாச்சு, அதை யாரும் கால் பண்ணவே இல்லைங்கிற கதை.

அதனாலதான் 1994-ல ஓஇசிடி அமைப்புல, கப்பலுக்குன்னே தனி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அமெரிக்கா உறுதிப்படுத்தல, அது நடைமுறைக்கு வரவே இல்ல. அப்புறம் நடந்த பேச்சுவார்த்தைகளும் 2005-லயும் 2010-லயும் நின்னுபோச்சு. ஐரோப்பா கொரியா மேல போட்ட வழக்குல 2005-ல தீர்ப்பு வந்துச்சு: சில ஏற்றுமதிக் கடன்களும் உத்தரவாதங்களும் தப்பு. ஆனா மானியத்தாலதான் கப்பல் விலை விழுந்துச்சுங்கிற பெரிய குற்றச்சாட்டு நிரூபணமாகல.

இப்போ நம்ம கதை. 2016 ஏப்ரல்ல இருந்து போடுற ஒப்பந்தங்களுக்கு இந்திய அரசு 20 சதவீத உதவின்னு ஆரம்பிச்சு, மூணு வருஷத்துக்கு ஒருமுறை 3 சதவீதம் குறைக்கிற மாதிரி திட்டம் போட்டுச்சு. உள்நாட்டு ஆர்டருக்கும் உண்டு, ஏற்றுமதிக்கும் உண்டு. அதாவது, ஏற்றுமதிங்கிற நிபந்தனை இல்ல. 2026 மார்ச்சோட முடியணும். ஆனா 2025 செப்டம்பர்ல ₹69,725 கோடித் தொகுப்பு அறிவிச்சு, உதவியை 2036 வரை நீட்டிச்சாங்க. அதே மாசம் கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தூத்துக்குடியில தளம் அமைக்க தமிழ்நாட்டோட புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க.

வேலை வரும்னா சந்தோஷம்தான். ஆனா வெளியில இருந்து பிரேக் போட ஆள் இல்லாத துறை இது. எவ்வளவு, எதுவரைக்கும், பதிலுக்கு எத்தனை கப்பல்னு நாமதான் கேட்டுட்டே இருக்கணும். பணம் நம்மளோடது.