மூன்றாம் இரவில் வருவது பிசாசு அல்ல

ஆண்டுக்கு இருமுறை எங்கள் பக்கத்து மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு ஒரே மாதிரி நிறையும். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் ஒரு தடவை. சாம்பல் புதன் கழிந்து வரும் வாரக் கடைசியில் இன்னொரு தடவை. வருபவர்கள் பல வருடங்களாகத் தினமும் குடித்தவர்கள். ஆலயத்தில் முழங்காலிட்டு, இனித் தொடுவதில்லை என்று பொருத்தனை செய்தவர்கள். அதை மீறாமல் காத்தவர்கள். யாரையும் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தியதால் வலிப்பு கண்டு வருகிறார்கள்.

இவர்களையாவது உடனே தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஜெப வீடுகளிலிருந்தும் மீட்பு இல்லங்களிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் நாளில், நினைவு தப்பி, காய்ச்சலோடு, உதடு வெடித்து வருகிறார்கள். உடன் வரும் மனைவி சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "உபவாச ஜெபத்துல இருந்தாவ ஐயா. மூணாம் நாள் ராத்திரி சுவத்துல பாம்பு ஊருதுன்னு கத்துனாவ. பிசாசு போற நேரம், கிட்ட போவாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வேலை செய்யும் மனநல மருத்துவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன்தான். கிறிஸ்தவ மீட்பு இல்லங்களை மூடவேண்டும் என்று இதை எழுதவில்லை. என்னிடம் வருகிற பலரை நானே அங்கே அனுப்புகிறேன். எனக்குள்ள வழக்கெல்லாம் வரிசை பற்றியது. முதல் பத்து நாள் மருத்துவமனை, அதற்குப் பிறகு இல்லம். இந்த வரிசை மாறினால் ஆள் செத்துப்போகலாம்.

நேரக் கணக்கு

கல்லீரல், மூளை பற்றிய பாடத்தை விட்டுவிடுவோம். குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது நேரக் கணக்கு. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரக்கூடியதுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் கடும் குழப்பநிலை. எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று அவருக்குத் தெரியாது. இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார். இரவானால் கூடும். காய்ச்சல் அடிக்கும், இதயத் துடிப்பு எகிறும்.

குடியை நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்குத்தான் இந்த நிலை வருகிறது. ஆனால் வந்தவரைக் கவனிக்காமல் விட்டால் மூன்றில் ஒருவர்வரை இறக்கக்கூடும். சிகிச்சை கிடைத்தால் இறப்பு நூற்றுக்கு 5க்குள் அடங்கிவிடும். காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், கல்லீரல் நோயோ நெஞ்சுச் சளிக் காய்ச்சலோ உள்ளவர், விழுந்து தலையில் அடிபட்டவர்: இவர்கள் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது.

மருத்துவமனையில் செய்வது எளிமையானது. டயஸிபாம், லோராஸிபாம் வகை மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்போம். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவோம். ரத்த சர்க்கரை, உப்புகள், கல்லீரல் செயல்பாடு, ரத்த அணுக்கள் பார்ப்போம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது.

பிசாசு என்ற பேச்சு

இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை நம்புகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் நம்பவில்லை. மூன்றாம் இரவில் ஒரு மனிதர் குரல் மாறிக் கத்துகிறார், கண் நிலைகொள்ளவில்லை, யாரையோ பார்த்து அலறுகிறார். பார்க்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தில் படித்ததெல்லாம் நினைவுக்கு வரும். சுற்றி நின்று கடிந்து ஜெபிக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள், சில இடங்களில் கையைக் காலைப் பிடித்துக் கட்டுகிறார்கள். ஐந்தாம், ஆறாம் நாளில் ஆள் தூங்கி எழுந்து, தெளிவாகத் தண்ணீர் கேட்கிறார். விடுதலை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் அழுகிறார்கள்.

அந்தத் தெளிவு, நோயின் போக்கிலேயே இருப்பது. பிழைத்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாளில் குழப்பம் தானாகவே அடங்கும். ஜெபித்த வீட்டிலும் அடங்கும், ஜெபிக்காத வீட்டிலும் அடங்கும். மூன்று நாள் உபவாசத்தின் கணக்கும் நோயின் கணக்கும் ஒன்றாக அமைந்துவிட்டதால் வந்த நம்பிக்கை இது. பிழைத்தவர் மேடையேறிச் சாட்சி சொல்கிறார். பிழைக்காதவரை மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

உபவாசம் கெடுதலை இரட்டிப்பாக்குகிறது. வருடக்கணக்கில் சோற்றுக்குப் பதில் குடித்தவர் உடம்பில் தயமின் ஏற்கெனவே வற்றியிருக்கும். அவரைப் பட்டினி போட்டால் கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கே என்ற இந்த நோயை அந்த நேரத்தில் பிடித்து ஊசி போட்டால் மீட்டுவிடலாம். விட்டுவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். காலையில் என்ன ஜெபித்தோம் என்பது மத்தியானம் நினைவிருக்காது. பிள்ளையின் கல்யாணத்துக்குப் போய்வந்தது மறுநாள் நினைவிருக்காது. நாற்பது வயதில் இப்படி ஆனவர்களுக்குப் பிறகு எங்களால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.

குடிநோயாளிக்காக நீங்கள் உபவாசம் இருங்கள். அவருக்குக் கஞ்சி கொடுங்கள்.

ஆவிக்குரிய பாதையில் ஒரு மருத்துவமனை

மருத்துவமனைக்குப் போவது விசுவாசக் குறைவு என்று சொல்லும் சகோதரர்களுக்கு ஒரு வரலாறு. கடவுளிடம் தன்னை ஒப்புக்கொடுத்துக் குடியை விடும் பன்னிரண்டு படிகள் உலகமெங்கும் பரவக் காரணமானவர் அமெரிக்கரான பில் வில்சன். அவர் ஃபிராங்க் புக்மன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் தொடர்பால் திரும்பியவர். 1934 டிசம்பரில் அவர் தம் வாழ்க்கையை மாற்றிய இறை அனுபவத்தைப் பெற்றது ஆலயத்தில் அல்ல. நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில், வில்லியம் சில்க்வொர்த் என்ற மருத்துவரின் சிகிச்சையில் படுத்திருந்தபோது. அதன்பின் 1971இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. 1935இல் அவரோடு சேர்ந்து, அந்தப் படிகளின் வழி நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் பாப் ஸ்மித், ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்தப் பாதையின் முதல் அடியே மருத்துவமனைக் கட்டிலில் வைக்கப்பட்டது.

பவுலோடு பயணம் செய்த லூக்காவும் வைத்தியர்தான் என்பதைப் போதகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியமும் மெடிக்கல் கடையும்

இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க, குடியை மறந்துடுவாரு" என்று ஒரு பொடியோ மாத்திரையோ கைமாறுகிறது. பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. மாத்திரையாக இருந்தால் பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். 1948இல் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயனுள்ளதாகக் கண்டறியப்பட்ட நல்ல மருந்து. நோயாளி முழுதும் அறிந்து, சம்மதித்து, இதயமும் கல்லீரலும் பார்த்த பிறகு கொடுக்கவேண்டியது. தெரியாமல் கலந்து கொடுத்த நாளில் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் எழுந்திருக்காமலே போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் மருந்தின் வேலை உடம்பில் மிச்சமிருக்கும். அன்பினால் செய்கிறோம் என்று நினைக்கும் தாய்மாரே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது தூக்க மாத்திரை. நடுக்கத்துக்கு மருத்துவமனையில் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடையில் வாங்கிப் போட்டு, குடியோடு மாத்திரைக்கும் அடிமையாகி வருகிறார்கள். குடியும் அந்த மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் இதை விற்கும் கடைக்காரருக்கு இது தெரியாதா?

மூன்றாவது, "சோர்ந்து கிடக்காரு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்க." தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மேலே சொன்ன வெர்னிக்கே நோயை நாமே வரவழைத்தது ஆகிவிடலாம்.

இல்லம் எங்கே பயன்படுகிறது

முதல் பத்து நாளில் நாங்கள் செய்வது உடம்பைக் காப்பாற்றுவது மட்டும். மனிதன் அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே கடனுக்குத் திரும்பிப் போகிறான். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். இந்தப் பள்ளத்தை அரசு மட்டும் நிரப்ப முடியாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆளைத் தங்கவைத்து, விடியற்காலை ஜெபத்துக்கு எழுப்பி, தோட்ட வேலை கொடுத்து, வேதம் படிக்கவைத்து, "நானும் உன்னைப்போல் கிடந்தவன்தான்" என்று சொல்லும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைக்கும் இல்லம் பெரிய காரியம் செய்கிறது. டேவிட் வில்கர்சன் என்ற போதகர் 1958இல் நியூயார்க் தெருப் பையன்களிடம் போனதில் தொடங்கிய டீன் சேலஞ்ச் இன்று பல நாடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பன்னிரண்டு படிகள் வழியிலான உதவி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு நிகராகவும், தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் அவற்றைவிட மேலாகவும் பலன் தருகிறது என்று 2020இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. விசுவாசிகளின் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

குறை எங்கே என்றால், பல இல்லங்கள் வாசலிலேயே மாத்திரையைப் பிடுங்கி வைக்கின்றன. "மாத்திரையும் ஒரு போதைதானே" என்கிறார்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை போதை தராதவை. குடிக்கும் ஆசையைத் தணிப்பவை. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் மாத்திரையை நிறுத்திவிட்டு, அவர் தூக்கில் தொங்கியபின் அழுவதில் என்ன பயன்?

நல்ல சமாரியன் வழியிலேயே காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். அதன்பிறகுதான் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். காயம் கட்டுவது, தங்கவைப்பது, திரும்பி வந்து விசாரிப்பது. நம் இல்லங்களில் நடுவில் உள்ளது மட்டும் நன்றாக நடக்கிறது. கிறிஸ்தவ ஊழியமே முழுதாகச் செய்துகாட்டிய முன்மாதிரியும் நம்மிடம் உண்டு: வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பத்தார் நோயாளியோடு தங்குகிறார்கள். மருந்தும் ஜெபமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

ஊசி போட்ட பையன்கள்

குடிக்கு மட்டும் இருந்த இல்லங்களில் இப்போது இருபது வயதுப் பையன்கள் நிறைகிறார்கள். டாபென்டடால் போன்ற வலி மாத்திரையைப் பொடித்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள். இவர்களுக்கு ஆபத்து இல்லத்தைவிட்டு வெளியே வரும் நாளில்தான் அதிகம். ஆறு மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நண்பன் தரும் பழைய அளவு ஊசியில் மூச்சு நின்றுவிடும். பையனை வீட்டுக்கு அனுப்பும்போது இதை அவனிடமும் பெற்றோரிடமும் நேராகச் சொல்லாத இல்லம் வேலையைப் பாதியில் விட்ட இல்லம். புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்து தேவைப்படுகிறவனுக்கு அதை மறுப்பதும் அதே ஆபத்துதான். ஊசி பகிர்ந்துகொண்டவர்கள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியிடுவதை முழுதாகத் தடை செய்கிறது. குடியாலும் போதையாலும் வரும் மனநோய்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சேர்த்து வைத்துக் கவனிக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேர்க்கும்முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எந்தக் கிழமையில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள், நான் நினைத்த நாளில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "மூணு மாசம் பார்க்கவே கூடாது" என்று சொன்னால் அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். அடிவாங்கித் திருந்திய குடிநோயாளியை நான் கண்டதில்லை.

கெஞ்சிக் கேட்பது

போதகர் ஐயாமாரே, பொருத்தனை செய்ய முன்வருகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குமா?" நடுங்கும் என்றால் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் சொன்னால் அவர் வருவார். நாங்கள் சொன்னால் வரமாட்டார். கல்யாண வீட்டிலும் கிறிஸ்துமஸ் இரவிலும் பதினேழு வயதுப் பையனுக்கு முதல் கிளாஸை ஊற்றிக்கொடுக்கும் மாமா, சித்தப்பாமாரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஊற்றாதீர்கள். இல்லத்திலிருந்து திரும்பி வந்தவரைச் சபையார் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். அவர் மறுபடி விழுந்தால் பின்வாங்கிப்போனவன் என்று ஒதுக்கிவிடாமல் அடுத்த நாளே கூட்டிவாருங்கள். இந்த நோயில் மறுபடி விழுவது அடிக்கடி நடப்பது.

போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண் 14446. மன நெருக்கடிக்கு டெலிமானஸ் 14416. குடியை நிறுத்தியவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் முதலில் சொல்லுங்கள்.