தேதி தரும் அரங்கம்

மேடை கட்டிய ஊர்கள் – 6: பெங்களூரு

அமெச்சூர் நாடகக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் எழும் கேள்வி, "தேதி கிடைச்சுதா?" என்பதுதான். கதையை முடிவு செய்து, நடிகர்களைத் திரட்டி, ஆபீஸ் முடிந்த மாலைகளில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிறகு, அரங்கம் கிடைக்காமல் நின்றுபோன நாடகங்கள் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கூடுதல் வாடகைக்கு விடக்கூடிய மண்டபத்தை நாடகக்காரருக்கு யார் கொடுப்பார்கள்?

சென்ற வாரம் சென்னை சபாக்களின் கோடை நாடக விழாவைப் பார்த்தோம். அங்கே சபா அழைக்கும், குழு வந்து நடிக்கும். பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் சபா உறுப்பினர்கள். பெங்களூருவின் கணக்கு வேறு. பெரும்பாலும் குழுவே அரங்கத்தை வாடகைக்கு எடுக்கிறது, குழுவே டிக்கெட் விற்கிறது. செட்டுக்கும் லைட்டுக்கும் போக மிச்சம் இருந்தால் அடுத்த நாடகத்துக்கு எடுத்து வைக்கிறது. புரவலர் இல்லாத இந்த ஏற்பாட்டில் ஒரு நகரம் வருஷம் முழுவதும் நாடகம் போட முடிகிறது என்றால், அதன் வேர் எங்கே என்று பார்க்கத்தான் வேண்டும்.

வேர் ஆழமானதுதான். சம்பளத்துக்கு நடிக்கும் கம்பெனி நாடகங்கள் கர்நாடகத்தை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், 1909இல், பெங்களூருவில் அமெச்சூர் டிராமாட்டிக் அசோசியேஷன் தொடங்கியது. வேறு வேலை பார்த்துக்கொண்டே மேடையேறியவர்களின் சங்கம் அது. அந்தப் படித்த நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தவர் டி.பி. கைலாசம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, லண்டனில் நிலவியல் படித்துத் திரும்பிய அவர், ஆங்கிலம் கலந்த பேச்சுக் கன்னடத்தில் எழுதிய நாடகங்கள்தான் நவீனக் கன்னட நாடகத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

தாகூர் நூற்றாண்டையொட்டி ஜே.சி. ரோட்டில் கட்டப்பட்ட ரவீந்திர கலாக்ஷேத்ரா 1963இல் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தின் திறந்தவெளியில் 1972இல் பி.வி. காரந்த் மூன்று நாடகங்களை அடுத்தடுத்து மேடையேற்றினார். லங்கேஷ் கன்னடத்தில் தந்த 'ஈடிபஸ்', லங்கேஷின் 'சங்கிராந்தி', சந்திரசேகர கம்பாரின் 'ஜோகுமாரசுவாமி'. இன்றும் மூத்த நாடகக்காரர்கள் காலத்தை அந்த மூன்றுக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவார்கள். சிறுவனாக குப்பி வீரண்ணாவின் கம்பெனியில் சேர்ந்து, வீரண்ணாவின் உதவியாலேயே காசிக்குப் போய்ப் படித்தவர் காரந்த். கம்பெனி நாடகத்தின் பாட்டும் துள்ளலும், தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சியும் அவரிடம் ஒன்றாகக் கலந்தன. 1975இல் பிறந்த சமுதாயா அமைப்பு நாடகத்தைத் தெருவுக்கும் கிராமத்துக்கும் கொண்டுபோனது. ஆங்கிலத்தில் நாடகம் போட 1960இலிருந்தே பெங்களூர் லிட்டில் தியேட்டர் இருக்கிறது. இப்படிக் குழுக்களுக்குக் குறையில்லை. ஆனால் கலாக்ஷேத்ரா போன்ற பெரிய அரசு அரங்கங்களில் விழா, பாராட்டுக் கூட்டம், நடனம் எல்லாவற்றோடும் போட்டியிட்டுத்தான் தேதி வாங்க வேண்டியிருந்தது.

இதை மாற்ற நினைத்தவர்களில் ஒருவர் சங்கர் நாக். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஆர்.கே. நாராயணின் கதைகளைத் தொலைக்காட்சியில் 'மால்குடி டேஸ்' ஆக்கியவர் என்றால் சட்டென்று புரியும். சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் நாடகத்தை விடாதவர். நாடகத்துக்கென்றே, எல்லாரும் எட்டக்கூடிய வாடகையில் ஓர் அரங்கம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1990 செப்டம்பர் 30ஆம் தேதி, 'ஜோகுமாரசுவாமி' படப்பிடிப்புக்குப் போகும் வழியில் தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 35. அதே காரில் இருந்த அவர் மனைவி அருந்ததி நாக் பலத்த காயங்களோடு பிழைத்தார்.

நடந்து பழகவே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டிய நிலையிலிருந்து எழுந்து வந்த அருந்ததி, நண்பர்களோடு சேர்ந்து 1992இல் சங்கேத் அறக்கட்டளையைத் தொடங்கினார். 'மின்சாரக் கனவு' படத்தில் மதர் சுப்பீரியராக வந்தவர் இவர்தான். அதே படத்தில் கஜோலின் அப்பாவாக நடித்த நாடகாசிரியர் கிரீஷ் கார்னாட் இந்த முயற்சியில் கடைசிவரை அவருக்குத் துணையாக நின்றார். அரசு நிலம் கொடுத்தது. கட்டுவதற்கான பணத்தை அரசிடமும் நிறுவனங்களிடமும் தனியாரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். அறக்கட்டளை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 அக்டோபர் 28 அன்று ஜே.பி. நகரில் ரங்கசங்கரா திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் என்பது சாதாரண விஷயமில்லை. அரங்கம் கட்டுகிறோம் என்று குழு அமைத்து, இரண்டு கூட்டத்தோடு கலைந்துபோன முயற்சிகள் நம் ஊர்களில் எத்தனை!

கட்டடத்தைவிட அதன் விதிகள்தான் கவனிக்கத்தக்கவை. இங்கே நாடகம் மட்டும்தான் நடக்கும். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் நாளொரு நாடகம் என்பது கொள்கை. வாடகை குழுக்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில் இருக்கும். மாலை ஏழரைக்கு நாடகம் என்றால் ஏழரைக்குக் கதவு சாத்தப்படும், அதன்பின் வந்தவர் யாராக இருந்தாலும் உள்ளே போக முடியாது. தொடக்கத்தில் இந்தக் கடைசி விதி பலருக்குக் கசந்தது. போக்குவரத்து நெரிசலுக்குப் பேர்போன ஊரில் இப்படிக் கண்டிப்பு காட்டலாமா என்று கேட்டார்கள். இன்று ஆறரைக்கே வந்து, கீழே உள்ள உணவகத்தில் ஜவ்வரிசி வடை சாப்பிட்டுவிட்டு வரிசையில் நிற்கும் கூட்டம் அதற்குப் பதில். நடிகர் முதல் வரி பேசும்போது யாரும் காலை மிதித்துக்கொண்டு போகாத அரங்கில் நடிப்பது எப்படி இருக்கும் என்று, செல்போன் மணிக்கு நடுவே நடித்துப் பழகிய எந்த நடிகரையும் கேட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமைகளைக் கழித்தால் ஆண்டுக்கு 313 நாள். அத்தனை நாளையும் நாடகத்தால் நிரப்புவது என்று ஓர் அரங்கம் தனக்குத் தானே நிபந்தனை போட்டுக்கொள்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும். நிரப்ப வேண்டும் என்பதற்காகவே புதுக் குழுக்களுக்குக் கதவு திறக்கிறது. கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று பல மொழி நாடகங்களும் வருகின்றன. மூத்த இயக்குநருக்கு இருக்கும் அதே மேடை, அதே விளக்குகள் நேற்று தொடங்கிய கல்லூரிக் குழுவுக்கும் கிடைக்கின்றன.

நாளொரு நாடகம் என்பதால் இன்னொன்றும் நடக்கிறது. நேற்றைய குழு போனபின் காலையில் உள்ளே வரும் குழு, செட் நிறுத்தி, லைட் திருப்பி, டெக்னிக்கல் ரிகர்சல் முடித்து மாலையே நாடகம் போட வேண்டும். இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு கிளம்பவும் வேண்டும். மாடிப்படியும் மாளிகையுமாக செட் போட இங்கே நேரமில்லை. ஆகவே இரண்டு பெஞ்ச், ஒரு துணித்திரை, நல்ல ஒளியமைப்பு, மிச்சமெல்லாம் நடிகரின் உடம்பும் குரலும் என்று நாடகங்கள் இளைக்கின்றன. முன்னூறுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள்தான். பார்வையாளர் நடிகருக்கு மிக அருகில் இருப்பதால் செட்டின் குறை தெரிவதுமில்லை. பெங்களூரு நாடகங்களின் இன்றைய சிக்கன அழகில் இந்த அவசரத்துக்கும் பங்கு உண்டு.

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு நல்ல உதாரணம், 2005இல் ரங்கசங்கராவே தயாரித்த கார்னாட்டின் 'ஒடகலு பிம்ப'. மேடையில் ஒரே ஒரு நடிகை, ஒரு தொலைக்காட்சித் திரை. கன்னடத்தில் சிறுகதை எழுதிவந்த மஞ்சுளா நாயக் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றுவிட்டாள். தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பும்போது, திரையில் இருக்கும் அவளுடைய பிம்பமே அவளை நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்குகிறது. நோயாளியான தங்கையைப் பற்றிய கேள்விகள். அந்த நாவலை உண்மையில் எழுதியது யார் என்ற கேள்வி. கன்னடத்தில் அருந்ததி நாக் நடித்தார். பதிவு செய்யப்பட்ட தன் முகத்தோடு, ஒரு நொடி பிசகாமல், மேடையில் உயிரோடு உரையாட வேண்டும். எந்த மொழியில் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று தினமும் தனக்குள் வாதாடும் ஒரு நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் அமையாது.

இனி, வரப்போகும் பருவத்துக்குத் திட்டமிடும் ஒரு சிறு குழுவின் இடத்தில் நின்று பார்ப்போம். அரங்கத்துக்கு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். வார இறுதித் தேதிக்குப் போட்டி கடுமை, வார நாள் என்றால் டிக்கெட் விற்பது கடுமை. பரீட்சைக் காலத்தில் குடும்பங்கள் வராது. கோடையில் குழந்தைகள் நாடகப் பயிற்சி முகாம்களுக்குப் போய்விடுவார்கள், அந்த முகாம்களை நடத்துவதே பல நாடகக்காரர்களுக்குச் சோறு போடும் வேலை. பெரிய தலைவலி ஒத்திகைக்கு இடம். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவரும் மல்லேஸ்வரத்தில் வசிக்கும் ஒருவரும் ஜெயநகரில் மாலை ஏழு மணிக்குச் சந்திப்பது என்றால், அந்த ஒத்திகையில் பாதி சாலையிலேயே போய்விடும். மொட்டை மாடி, பள்ளிக்கூட அறை, யாராவது ஒருவர் வீட்டுக் கூடம் என்றுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரங்கத்தின் சிக்கலை ஓரளவு தீர்த்த நகரம், ஒத்திகைக் கூடத்தின் சிக்கலை இன்னும் தீர்க்கவில்லை.

ஒயிட்ஃபீல்டு பக்கம் 2011இல் ஜாக்ருதி அரங்கம் வந்தது. ஹனுமந்தநகரில் கே.எச். கலாசௌதா இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால்கூட இத்தனை பெரிய நகரத்துக்குக் காணாது. 2020இல் பெருந்தொற்றால் கதவுகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, குறைந்த வாடகையில் இயங்கும் ஓர் அரங்கம் நன்கொடையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நாடகத்துக்கு அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி விருதும் பொன்னாடையும் அல்ல, நாடகத்துக்கு மட்டுமேயான, வாடகை குறைந்த சின்னச் சின்ன அரங்கங்கள்தான் என்று அடித்துச் சொல்லலாம். சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகள் பேட்டைக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டுகின்றன. அவற்றில் ஒன்றை நல்ல விளக்குகளோடு நாடகத்துக்கென்று ஒதுக்கினால் என்ன?

பெங்களூருவின் நாடக ஆண்டில் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கும் இடம் உண்டு. மலைநாட்டில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஹெக்கோடு என்ற கிராமத்திலிருந்து நீநாசம் அமைப்பின் 'திருகாட்ட' குழு, 1985 முதல் நாடகங்களை மழைக்காலத்தில் ஒத்திகை பார்த்துத் தயாரித்துக்கொண்டு, செட்டும் நடிகர்களுமாகக் கர்நாடகம் முழுவதும் சுற்றி வருகிறது. ஒரு கிராமம் தலைநகரத்துக்கு நாடகம் அனுப்புவது எப்படிச் சாத்தியமாயிற்று? 1949இல் அந்த அமைப்பு தொடங்கியதையும், கே.வி. சுப்பண்ணா என்ற விவசாயி அங்கே ஷேக்ஸ்பியரையும் பிரெக்டையும் கொண்டுவந்து சேர்த்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)