உங்களுக்குத் தெரியுமா? மூலையில் கிடக்கும் பழைய கணினி

பதினைந்து, இருபது வருடத்துக்கு முன் வாங்கிய அசெம்பிள்டு கணினி பல வீடுகளில் இன்னும் துணி போர்த்தி மூலையில் கிடக்கிறது. "போர்டு போயிடுச்சு" என்று யாரோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். பல சமயம் போர்டு போயிருக்காது. ஒரு சின்ன பேட்டரியோ, ராமில் படிந்த அழுக்கோதான் காரணமாக இருக்கும். தூக்கிப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

●
ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போய், எஃப் 1 பொத்தானை அழுத்தினால்தான் மேலே நகர்கிறதா? மதர்போர்டில் பளபளப்பாக ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது. அதன் பெயர் சி.ஆர். 2032. எண்ணிலேயே அளவு அடக்கம்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

●
இந்த பேட்டரி நம் வீடுகளில் சீக்கிரம் தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. கணினியை ஷட் டவுன் செய்தாலும், சுவரில் ஸ்விட்ச் போட்டிருந்தால், கேபினட்டுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும், பேட்டரி ஓய்வில் இருக்கும். நாமோ இரவில் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறோம். அணைப்பது நல்ல பழக்கம்தான். இடி மின்னல் காலத்தில் அவசியமும்கூட. பேட்டரியை மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். அதே 5 வோல்ட்தான், ராமையோ கார்டையோ கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்வதற்கும் காரணம்.

●
தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களும் திறக்காது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. கணினி 2002-இல் நிற்கும்போது, இன்றைய சான்றிதழ் எதுவும் அதன் கணக்கில் செல்லாது. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

●
நேற்று வரை ஓடிய விண்டோஸ் எக்ஸ்பி, இன்று நீலத் திரையில் 7பி என்று முடியும் பிழைக் குறியீட்டைக் காட்டி நிற்கிறது. ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்று முடிவுகட்டாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா டிஸ்க்கை ஐடிஇ முறையில் படித்துக்கொண்டிருந்த போர்டு ஏஹெச்சிஐ முறைக்கு மாறிவிட்டால், அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் கிடையாது. டிஸ்க்கை அதனால் படிக்க முடியாது. பயாஸுக்குள் போய் ஐடிஇ என்று மாற்றினால் பழையபடி பூட் ஆகும். எக்ஸ்பியைப் புதிதாக நிறுவும்போது "ஹார்டு டிஸ்க்கே இல்லை" என்று அது அடம்பிடிப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் காலத்தில் எஃப் 6-ஐ அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்றியது இதற்காகத்தான்.

●
திரை கறுப்பாக இருக்க, விட்டு விட்டு நீளமாக பீப் ஒலி மட்டும் வருகிறதா? அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் அது ராமில் கோளாறு என்பதற்கான அடையாளம். ஒரு நெடில், இரண்டு குறில் என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஒரே ஒரு சின்ன பீப் வந்தால் சோதனை நல்லபடியாக முடிந்தது என்று பொருள். சத்தமே வராவிட்டால் போர்டில் பஸர் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல அசெம்பிள்டு பெட்டிகளில் அதை விட்டுவிடுவார்கள்.

●
ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பையனின் அழி ரப்பரால் தேய்த்து மாட்டும் சர்வீஸ்காரரைப் பார்த்திருப்பீர்கள். அது ஏமாற்று வேலை இல்லை. ராமின் பொன்முலாம் பூசிய முனைகளில் தூசும் ஈரப்பசையும் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும்; ரப்பர் அதை எடுத்துவிடும். மணல் போல நறநறக்கும் மை ரப்பர் வேண்டாம், முலாமையே சுரண்டிவிடும். மென்மையான வெள்ளை ரப்பர் போதும். உதிர்ந்த துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் விழும் வரை அழுத்தி மாட்டுங்கள்.

●
கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா? அது கணினியின் கோளாறில்லை, உங்கள் வீட்டு எர்த் சரியில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட் தகட்டுக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் தகடு 230 வோல்ட்டில் பாதியில், அதாவது 115 வோல்ட் வாக்கில், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறொரு சாதனத்தில் கசிவு வந்தால் அது உயிருக்கே ஆபத்து. கணினி தரும் எச்சரிக்கையாக இதை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

●
பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அதை விளையாட்டுக்கும் தொடாதீர்கள். 115-இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு எஸ்.எம்.பி.எஸ். போய்விடும்.

●
மதர்போர்டில் புராசஸரைச் சுற்றி உருளை உருளையாக நிற்பவை எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ, நோய் அங்கேதான். 1990-களின் கடைசியிலிருந்து 2007 வாக்கு வரை உலகம் முழுக்க இது ஒரு கொள்ளைநோயாகப் பரவியது. தரமற்ற மின்பகுதிரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் சந்தைக்கு வந்து, உள்ளே வாயு உண்டாகி உப்பின. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270, ஆப்பிளின் ஐமேக் ஜி5 போன்ற பெரிய பெயர்களும் தப்பவில்லை. தலையில் கீறியிருக்கும் கூட்டல் குறி போன்ற கோடு அலங்காரமில்லை. அழுத்தம் கூடினால் அந்தக் கோட்டில் பிளந்து, வெடிக்காமல் காற்று வெளியேற வைத்த ஏற்பாடு.

இது தீராத நோயுமில்லை. சால்டரிங் கை பழகிய ஒருவர் பழையதை எடுத்துவிட்டு, அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி தாங்கும் 'லோ இஎஸ்ஆர்' வகையைப் போட்டால் போர்டு மறுபடி பல வருடம் உழைக்கும். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சாமான்களைத் தனித்தனியாக வாங்கலாம். டிவி மெக்கானிக்குகளில் பலருக்கு இது கைவந்த வேலை. கணினிக் கடையில் "புது போர்டு போடுங்க" என்று சொன்னால் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

●
286, 386, 486 காலத்துப் போர்டு வைத்திருக்கிறீர்களா? அதில் நீல நிறத்தில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். அது கசிந்தால் சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். கசிந்திருந்தால், அது காரம் என்பதால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர விடுங்கள்.

●
"ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் பண்ணிடுங்க" என்று சொல்லும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். பென்டியம் 4 புராசஸர் அளவு மீறிச் சூடானால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே தூசு கம்பளியாக அடைத்திருந்தால், எத்தனை முறை விண்டோஸை மாற்றிப் போட்டாலும் வேகம் வராது. மொட்டை மாடியில் வைத்துப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாகப் பயறு அளவு போதும். ஒரு எச்சரிக்கை: இந்த வகைக் கணினிகளில் ஹீட் சிங்க்கை நேராகப் பிடுங்கினால், காய்ந்த பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்ல இடம் வலமாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.

●
பின்பக்கம் கார்டு இல்லாத இடங்களில் தகட்டு மூடியைப் போட்டுவையுங்கள். பல்லியும் கரப்பானும் நுழைவது அந்த வழியாகத்தான்.

●
பெரிய பிக்சர் டியூப் மானிட்டரை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. வண்ணத் திரைகளுக்குள் 25,000 வோல்ட் வாக்கில் ஓடும். அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் டியூபில் தங்கியிருக்கும்.

●
"என்டிஎல்டிஆர் காணவில்லை" என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். பென் டிரைவையோ ஃபிளாப்பியையோ சொருகியபடி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பாதிப் பேருக்கு வேலை முடிந்தது.

●
ஹார்டு டிஸ்க் டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டுகிறதா? உடனே அணையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டும். டிஸ்க்கின் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதக்கிறது. அது உரச ஆரம்பித்தால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது அழித்துக்கொண்டிருக்கும். ஃபிரீஸரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற யோசனையை நம்பவே நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் தட்டின் மேல் நீர் கோக்கும், மிச்சமும் போகும்.

தட்டும் சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாகப் படிக்கிறது, சில கோப்புகள் மட்டும் திறக்கவில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது. அப்போதும் செக்டிஸ்க் போடாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சீர்செய்வதற்கான கருவி. நொந்துபோன டிஸ்க்கில் எழுதி எழுதி இருப்பதையும் குலைத்துவிடும். முதலில் படியெடுப்பது, அப்புறம்தான் பழுதுபார்ப்பது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர்கள் இன்னும் கிடைக்கின்றன. தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி தரும் மின்சாரம் மேசைக் கணினி டிஸ்க்குக்குப் போதாது.

●
விண்டோஸ் 98-க்கு ராம் கூடினாலும் ஆபத்து! 512 எம்பிக்கு மேல் போட்டால் நினைவகம் போதவில்லை என்று தகராறு செய்யும். சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் வி-கேஷ் அளவுக்கு வரம்பு வைத்தால் அடங்கும்.

●
விண்டோஸ் 95-உம் 98-உம் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும். ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று எண்ணும் எண்ணி 32 பிட் கொண்டது. 429 கோடியைத் தாண்டியதும் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மைக்ரோசாஃப்ட் பிறகு இதற்குத் திருத்தம் வெளியிட்டது.

●
1.44 எம்பி ஃபிளாப்பியில் 1.44 எம்பி கிடையாது. 1440-ஐ 1024-ஆல் பெருக்கினால் வரும் 14,74,560 பைட்தான் அதன் கொள்ளளவு. ஒரு கணக்கில் 1.47, இன்னொரு கணக்கில் 1.41.

●
1999 ஏப்ரல் 26-ஆம் தேதி பல கணினிகள் ஆன் ஆகவே இல்லை. சிஐஹெச் என்ற வைரஸ் ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியையும், போர்டிலிருந்த பயாஸ் சிப்பையும் அழித்துவிட்டது. செர்னோபில் அணுஉலை விபத்தின் நினைவு நாளில் தாக்கியதால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது.

●
எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும் முடிந்தது. எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்து வங்கிக் கணக்கைத் திறப்பது கூடவே கூடாது. இணையத்தைக் கழற்றிவிட்டால், கணக்கு எழுதவும் பழைய ஸ்கேனரை ஓட்டவும் அது இன்றும் நல்ல உழைப்பாளிதான். ஹார்டு டிஸ்க்கே இல்லாத கணினிக்கும் வழி உண்டு: பப்பி லினக்ஸ் முழுக்க ராமில் ஏறி ஓடும், ஒரு பென் டிரைவோ சிடியோ போதும்.

●
எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு சிதறித் தெரிகின்றனவா? கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் பக்கத்தில் முதல் கட்டத்தை டிக் செய்யுங்கள். எக்ஸ்பி சிடி கேட்கும். விண்டோஸில் யுனிகோடு தமிழ் வந்தது விண்டோஸ் 2000-இல், லதா எழுத்துருவோடு.

●
அதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகளின் கதை வேறு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அப்படி அழிந்துபோன கல்யாணப் பத்திரிகைகளும், ஊர்க் கோயில் மலர்களும், யாரோ ஒருவர் வருடக்கணக்கில் எழுதிய நாவல்களும் எத்தனையோ! கோப்பு கெடவே இல்லை. எழுத்துருவை நிறுவினால் அத்தனையும் தமிழில் எழுந்து நிற்கும், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகளால் யுனிகோடுக்கும் மாற்றிவிடலாம். ஆகவே பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது மை டாகுமென்ட்ஸ் மட்டும் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் சேர்த்தே எடுங்கள்.

●
பேஜ்மேக்கரில் இதழ் வடிவமைத்தவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. இன்டிசைன் சிஎஸ் 6 வரை அந்தக் கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கும் அந்தப் பழைய கணினிதான் இதற்குச் சரியான கருவி. அது ஓடும்போதே ஒவ்வொரு இதழையும் திறந்து, ஒரு பிடிஎஃப் எடுத்து, உரையைத் தனியாகவும் சேமித்து, இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.